தோணியா, வண்டியா?
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற பருவத் தேர்வு முடிந்த மறுநாள் என் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு வினாவோடு வந்தாள். அவளுடைய மாமா ஜெர்மனியில் பணிபுரிகிறார். இங்கிருந்து செல்லும் பெற்றோருக்கு ரைன் நதியைக் காட்ட விரும்புகிறார். கப்பலில் அழைத்துச் செல்வதா, கரையோர ரயிலில் அழைத்துச் செல்வதா என்பது அவருக்குத் தீராத குழப்பம். "நீதான் இயற்பியல் மாணவி ஆயிற்றே, சொல்லேன்" என்று தோழி வேடிக்கையாகக் கேட்டாள். வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ரைன் நதியைக் கண்ணால் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதனால் வாதத்துக்குக் குறைவே இல்லை!

எனக்கு மட்டும் அந்த வினா புதிதாகத் தோன்றவில்லை. அதே வினாவை நம் ஊர்ப்பக்கம் வந்த பயணிகள் பல்லாண்டுக் காலம் கேட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணப் புறப்பட்டவருக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நீர்வழி. பக்கிங்காம் கால்வாயில் மாலையில் தோணி ஏறினால் மறுநாள் காலையில் மாமல்லபுரத்தின் மேற்குப் புறத்தில் இறங்கலாம். மற்றொன்று நிலவழி. எழும்பூரில் புகைவண்டி ஏறிச் செங்கற்பட்டில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ திருக்கழுக்குன்றம் வழியாகச் செல்லலாம். நம் கல்லூரிக்கு நான் நாள்தோறும் பேருந்தில் வருவது அந்த இரண்டாவது வழியில்தான். எங்கள் வீடு இருப்பதோ முதல் வழியின் கரையில்.

முதலில் கால்வாயின் கதையைச் சிறிது காண்போம். 1806இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டுவித்தார். 1837இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் அது சிறுகச் சிறுக நீண்டது. கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டு மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது அந்தத் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த நிவாரணக் கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். மண் சுமக்கும் ஒருவர் உயிரோடிருக்க அது போதுமா என்று அக்காலத்திலேயே மருத்துவர் கார்னிஷ் அரசோடு வழக்காடினார். வேலை முடிந்ததும் கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்களின் பெயரைச் சூட்டுவதென்றால் கால்வாயின் நீளம் போதாது.

ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம். அதில் தமிழ்நாட்டுப் பகுதி 163 கிலோமீட்டர். கடலுக்கு இணையாக, கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே செல்லும் உப்புநீர்க் கால்வாய் இது. உப்பு, சவுக்கு விறகு, சுண்ணாம்புக்குரிய கிளிஞ்சல், நெல் ஆகியவை இதில் போயின, வந்தன. மனிதரும் போனார்கள். பாவேந்தர் பாரதிதாசன் 1934இல் நண்பர் பலருடன் நிலவொளியில் இக்கால்வாயில் தோணி ஏறி மாமல்லபுரம் சென்றார். அந்தப் பயணத்தில் பிறந்ததே "மாவலிபுரச் செலவு" என்னும் பாடல்.

இனி நம் வினாவுக்கு வருவோம். அடையாற்றுப் பக்கமிருந்து மாமல்லபுரம் வரை கால்வாய் வழியே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். நிலவழியோ எழும்பூரிலிருந்து செங்கற்பட்டுக்கு 56 கிலோமீட்டர், அதன்மேல் வண்டிப்பாதை முப்பது கிலோமீட்டர், ஆக 86. நீர்வழி அவ்வளவு குறுகியதாக இருந்தும் நிலவழி ஏன் வென்றது? இதற்கு விடை நம் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

மணற்பாங்கான பாதையில் வண்டி இழுப்பது பெரும் துன்பம். சக்கரம் புதையும். பாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இழுவிசை தேவைப்படும். பத்து டன் விறகை அப்படி இழுக்க எத்தனை மாடுகள் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதே பத்து டன்னைத் தோணியில் ஏற்றிவிட்டால் நடை வேகத்தில் அதை இழுத்துச் செல்ல இரண்டு மூன்று ஆட்கள் போதும். எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நமக்குச் செய்யும் உபகாரம் அது.

ஆனால் தண்ணீர் ஒரு நிபந்தனை போடுகிறது. மெதுவாகப் போகும்வரைதான் அது நமக்கு நண்பன். தரையில் உருளும் சக்கரத்தின் உராய்வு வேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நீரின் எதிர்ப்போ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். மணிக்கு நான்கு கிலோமீட்டரில் செல்லும் தோணியை எட்டுக் கிலோமீட்டரில் செலுத்த நினைத்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். செலவிட வேண்டிய திறனோ எட்டு மடங்காகும்.

எஞ்சின் வைத்தால் தீராதோ என்று நண்பர்கள் கேட்கலாம். அங்கே இன்னொரு தடை நிற்கிறது. ஆழமற்ற நீரில் அலை செல்லும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. புவியீர்ப்பு முடுக்கத்தையும் நீரின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த எல்லை கிடைக்கும். ஆழம் ஒரு மீட்டர் என்று கொள்வோம். 9.8இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 3.13. அதாவது நொடிக்கு 3.13 மீட்டர், மணிக்கு 11 கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தை நெருங்கும் படகு தான் எழுப்பிய அலையையே மேடாக எதிரில் தள்ளிக்கொண்டு ஏற வேண்டியிருக்கும். போதாததற்கு அந்த அலை இருபுறக் கரையையும் அரித்து மண்ணைக் கால்வாய்க்குள் தள்ளும். ஆழம் இன்னும் குறையும், வேக எல்லை இன்னும் இறங்கும். மாமல்லபுரத் தோணிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பிடித்ததற்கு ஓடக்காரரின் சோம்பல் காரணமன்று.

நீர்வழி ஐம்பதை மணிக்கு நான்கால் வகுத்தால் பன்னிரண்டரை மணி. நிலவழியில் புகைவண்டிக்கு இரண்டு மணி, வண்டிக்கு ஆறு மணி என்றால் எட்டு மணி. மாட்டு வண்டியின் இடத்தில் பேருந்து வந்தவுடன் அது மூன்று மணியாகச் சுருங்கிவிட்டது. வடக்கே 1899இல் சென்னைக்கும் பெசவாடாவுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கியதும் கால்வாயின் சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது. 1965, 1966 ஆண்டுப் புயல்களும் 1976ஆம் ஆண்டுப் புயலும் எஞ்சியதைச் சிதைத்தன. 2008இல் இக்கால்வாயைச் சேர்த்து நான்காம் தேசிய நீர்வழி என்று அறிவித்தார்கள். எங்கள் ஊரில் அதன் அடையாளமாக ஒரு தோணியும் வரவில்லை. சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாயின் மேலேயே நிற்கின்றன. தோற்ற வழியின் முதுகில் வென்ற வழி ஏறி நிற்பதுபோல் எனக்குப் படும்.

இவ்வளவும் கணக்கு. கணக்கில் வராத ஒன்றை என் தாத்தாவிடம்தான் கேட்டேன்.

என் தாத்தா பதினான்கு வயது முதல் இக்கால்வாயில் தோணி இழுத்தவர். காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் ஒருவர் தோணியில் நின்று கழி ஊன்றுவார், இருவர் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். தோளில் கந்தல் துணியை மடித்து வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்வாராம். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் கதவு வைத்த லாக்கு இருக்கும். கடல் ஏற்றமா வற்றமா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். முகத்துவாரத்தை நோக்கிப் போகிறவருக்கு வற்றம் கூட்டாளி. எதிர்த்துப் போகிறவருக்கு அது எமன்.

அவர் காலத்தில் பயணிகள் குறைந்துவிட்டார்கள், பெரும்பாலும் விறகுதான். ஆனாலும் ஒருமுறை பௌர்ணமி அன்று சென்னையிலிருந்து கல்லூரி மாணவர் ஒரு கூட்டமாக வந்து தோணியை வாடகைக்குப் பேசினார்களாம். "ராத்திரி பூரா பாட்டு, கண்ணு. நிலாவப் பாருடா, தண்ணியப் பாருடான்னு ஒரே கூச்சல். நான் கரைமேல கால்ல தச்ச முள்ளப் பாத்துக்கிட்டே நடந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"தோணியில போறது நல்லதா, பஸ்ஸுல போறது நல்லதா தாத்தா?" என்று கேட்டேன்.

"உள்ள குந்திக்கினு போறவனக் கேட்டா தோணின்னுதான் சொல்லுவான். என்னக் கேட்டா பஸ்ஸுதான். பஸ்ஸு வந்த அன்னிக்குத்தான் என் தோளு ஆறிச்சி" என்றார்.

நம் நூலகத்தில் ஓர் ஓவிய நூலைப் புரட்டியபோது இல்யா ரேப்பின் என்னும் ருஷ்ய ஓவியர் 1873இல் முடித்த படத்தைப் பார்த்தேன். வோல்கா நதிக்கரையில் பதினொரு பேர் மார்பில் வார் பூட்டிப் படகை இழுக்கிறார்கள். நடுவில் ஓர் இளைஞன் மட்டும் நிமிர்ந்து வாரைப் பிடித்துக்கொண்டு எங்கோ பார்க்கிறான். அந்தப் பக்கத்தை நெடுநேரம் திருப்பவில்லை. ரைன் நதியிலும் நீராவி வருமுன் எதிரோட்டத்தில் படகுகளை இழுத்தவர் குதிரைகளும் மனிதருமே. இன்று உல்லாசக் கப்பலின் மேல்தளத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பவருக்குக் கரையிலுள்ள அந்தப் பாதை ஓர் அழகிய நடைபாதையாகத் தோன்றலாம்.

கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகக் குடும்பத்தில் ஒவ்வொருவரின் படிப்பையும் எழுதிக் கொடுத்தேன். தாத்தாவின் பெயருக்கு நேரே "படிப்பு இல்லை" என்று எழுதினேன். தொழிலைக் கேட்டவர்களிடம் "கூலி" என்று மட்டும் சொன்னேன். தோணி இழுத்தவர் என்று சொல்ல ஏனோ நாக்கு எழவில்லை. ஓர் ஆண்டு கழித்து, நீரின் எதிர்ப்பு வேகத்தோடு எப்படி வளரும் என்று வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, இதைத் தோளால் படித்தவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

தோழியின் மாமாவை மறந்துவிடவில்லை. ரைன் நதியின் புகழ்பெற்ற காட்சிகள் பிங்கன் நகருக்கும் கோப்ளென்ஸ் நகருக்கும் இடையே 65 கிலோமீட்டர் தூரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மலைமேல் கோட்டைகள், சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். 2002இல் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. இரு கரையிலும் ரயில் பாதை உண்டு. ரயில் அத்தூரத்தை ஒரு மணிக்குள் கடந்துவிடும். பகற்கப்பலுக்கு ஓட்டத்தோடு செல்லும்போதே ஏறத்தாழ நான்கு மணி ஆகும். ரயிலில் எதிர்க்கரை மட்டும் தெரியும், அதுவும் சுரங்கம் வந்தால் மறையும். கப்பலில் இரு கரையும் தெரியும். அறையோடு கூடிய பல நாள் கப்பல்களில் பெட்டியை ஒருமுறை பிரித்து வைத்தால் போதும் என்பது முதியோருக்குப் பெரிய வசதி. ஆனால் அவற்றில் சில, இரவில் ஓடிப் பகலில் நகரங்களில் நிற்கும். நம் மாமல்லபுரத் தோணியைப் போலவே தூங்கும்போது காட்சிகள் கடந்துவிடும். பணம் கட்டுமுன் அந்த 65 கிலோமீட்டரைப் பகலில் கடக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆழத்தின் எல்லை அங்கும் உண்டு. 2018 அக்டோபரில் கவுப் என்னுமிடத்து நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியபோது சரக்குக் கப்பல்கள் பாரத்தைக் குறைத்தன. உல்லாசப் பயணிகளைச் சில இடங்களில் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள். கப்பலுக்குப் பணம் கட்டிப் பேருந்தில் போவது! தாத்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

ஆகவே நான் எழுதிக் கொடுத்தது இது: அந்த 65 கிலோமீட்டர் மட்டும் பகற்கப்பலில் ஓட்டத்தோடு செல்லுங்கள், திரும்புவது ரயிலில் ஆகட்டும், கோடை முடிவில் போனால் நீர்மட்டம் கேட்டுவிட்டுப் போங்கள். மாமா அப்படியே செய்வதாகச் சொல்லியனுப்பினார்.

போன மாதம் தாத்தாவின் கண் பரிசோதனைக்காக அவரைச் செங்கற்பட்டுக்கு அழைத்து வந்தேன். மாமல்லபுரத்தில் பேருந்து ஏறினோம். ஊரைத் தாண்டியதும் கால்வாய்ப் பாலம். அதைக் கடக்கப் பேருந்துக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை. தாத்தா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கரையோரச் சீமைக் கருவேலமும் அசையாத தண்ணீரும்தான்.

"வத்தம் ஆரம்பிச்சிடுச்சி, கண்ணு. இப்ப அவுத்து வுட்டா கோவளம் வரைக்கும் பாதி இழுப்பு மிச்சம்" என்றார்.

நடத்துனர் வந்தார். செங்கற்பட்டுக்கு ஒரு சீட்டு வாங்கினேன், எனக்கு மாணவர் சலுகைச் சீட்டு உண்டு.