ஆறே ஓட்டும் ஓடம்

கனடாவின் மேற்குக் கோடியில் உள்ளது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே ராக்கி மலைத்தொடரில் தோன்றி, 1,375 கிலோமீட்டர் ஓடி, வான்கூவர் நகரருகே பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது பிரேசர் ஆறு. மலை இடுக்குகளின் வழியே இறங்கி வரும் ஆறு ஆதலால் நீரில் வேகம் மிகுதி, வண்டலும் மிகுதி. இதன் நடுப்பகுதியில், தாம்சன் என்னும் துணையாறு வந்து சேரும் இடத்தில் லிட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஜூன் 29 அன்று 49.6 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாகி, மறுநாளே தீயில் பெரும்பகுதி அழிந்துபோனதே, அதே ஊர்தான். அவ்வூருக்குச் சற்று வடக்கே ஓர் ஓடத்துறை உண்டு. நாம் அங்கேதான் போகப் போகிறோம்.

உங்கள் கார் துறையில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடக்காரர் சைகை காட்டுகிறார்; கார் தளத்தின்மேல் ஏறுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு கார்களுக்குத்தான் இடம். கட்டணம் கிடையாது, செலவை மாகாண அரசு ஏற்றுக்கொள்கிறது. தளத்திற்குக் கீழே நீண்ட மிதவைகள் இரண்டு. தலைக்கு மேலே, இரு கரைகளிலும் உள்ள கோபுரங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய தடித்த எஃகு வடம் ஒன்று. அவ்வடத்தின்மேல் உருண்டோடும் கப்பி வண்டியிலிருந்து கம்பிகள் இறங்கி ஓடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஓடக்காரர் சுக்கானைத் திருப்புகிறார். மிதவைகள் நீரோட்டத்திற்குச் சற்றே சாய்வாகத் திரும்புகின்றன. ஓடம் கரையை விட்டு நகர்கிறது! சில நிமிடங்களில் மறுகரை வந்துவிடுகிறது.

எஞ்சின் சத்தம் கேட்டதா? கேட்டிராது. கரையிலிருந்து யாரும் இழுக்கவுமில்லை. அப்படியானால் இரண்டு கார்களையும் ஆட்களையும் சுமந்த ஓடத்தை அக்கரைக்குத் தள்ளியது எது?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் நான் இதைக் கேட்பதுண்டு. பெரும்பாலோர் சொல்லும் விடை: "வடம் இழுத்தது, சார்." வடத்தின் இரு முனைகளும் கரையில் இறுகக் கட்டப்பட்டவை, அது சுருளுவதுமில்லை, நகருவதுமில்லை. எப்படி இழுக்கும்? கெட்டிக்காரர் ஒருவர் எழுந்து, "வடம் நடுவில் தொய்ந்திருக்கும். ஓடம் அந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டு போகிறது" என்பார். நடு ஆறு வரையில் சரி, அதற்கப்பால் ஏற்றமல்லவா? மூன்றாவது விடை ஒன்றும் வரும்: "ஆறுதான் தள்ளியது." இது சரியான விடை. ஆனால் ஆறு தெற்கு நோக்கி ஓடும்போது ஓடம் மேற்கு நோக்கி எப்படிப் போகும் என்று கேட்டவுடன் வகுப்பு அமைதியாகிவிடும்.

ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். தாளின் மேலிருந்து கீழாக ஆறு ஓடுகிறது. இடப்புறம் நாம் புறப்பட்ட கரை. வலப்புறம் சேரவேண்டிய கரை. நடுவில் மிதவையைக் குறிக்க ஒரு கோடு வரையுங்கள். கோட்டின் மேல்முனை வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து சாய்வு 30 டிகிரி. மேலிருந்து வரும் நீர் இக்கோட்டின் இடப் பக்கத்தில் மோதுகிறது. மோதிய நீர் நேரே கீழே போக முடியாமல், சாய்ந்த பக்கத்தை ஒட்டி இடப்புறமாகத் திருப்பப்படுகிறது. ஆக, மிதவை நீரை இடப்புறம் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நீர் மிதவையை வலப்புறம் தள்ளியே தீரவேண்டும். இதனால்தான் இவ்வகை ஓடங்களை எதிர்வினை ஓடங்கள் என்று அழைக்கிறார்கள்.

இந்தத் தள்ளுவிசை ஏறத்தாழ மிதவையின் பக்கத்திற்குச் செங்குத்தாக, அதாவது வலப்புறமும் கீழ்ப்புறமுமாக அமையும். இதை இரு கூறுகளாகப் பிரிக்கலாம். விசை 4,000 நியூட்டன் என்று கொண்டால், ஆற்றுக்குக் குறுக்கே செயல்படும் கூறு 4,000 × கொசைன் 30°. ஏறத்தாழ 3,460 நியூட்டன். ஆற்றோடு கீழ்நோக்கிய கூறு 4,000 × சைன் 30°. அதாவது 2,000 நியூட்டன். கீழ்நோக்கிய கூற்றை வடம் தாங்கிக்கொள்கிறது. குறுக்கேயுள்ள கூற்றைத் தடுப்பார் யாருமில்லை. ஓடம் அக்கரை நோக்கிப் போகிறது. திரும்பி வரும்போது மிதவையை மறுபக்கம் சாய்த்தால் போதும். அதே ஆறு இக்கரைக்குக் கொண்டுவந்து விடும்.

இனித்தான் சுவையான பகுதி. வடம் என்ன வேலை செய்கிறது? 'வேலை' என்பதை இயற்பியலின் பொருளில் கேட்கிறேன். விசையை, அவ்விசையின் திசையில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. வடம் ஓடத்தை இழுப்பது ஆற்றின் மேல்திசை நோக்கி. ஓடம் நகர்வதோ ஆற்றுக்குக் குறுக்கே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 90 டிகிரி. கொசைன் 90° பூச்சியம். எனவே வடம் செய்த வேலையும் பூச்சியம்! நம் பாடநூல்களில் பூச்சிய வேலைக்கு எடுத்துக்காட்டு என்றால், தலையில் சுமையோடு சமதளத்தில் நடக்கும் போர்ட்டரைத்தான் காட்டுவார்கள். பாவம், அவர் வியர்க்க விறுவிறுக்க நடப்பதைப் பார்க்கும் மாணவனுக்கு அது எளிதில் மனத்தில் ஒட்டுவதில்லை. இந்த ஓடத்தைக் காட்டலாம் என்பது என் கருத்து.

வேலையே செய்யாத வடம் எதற்கு? அதை வெட்டிவிட்டால் என்ன? மனத்தளவில் வெட்டிப் பார்ப்போம். ஓடத்தின் வேகம் சிறிது நேரத்திலேயே நீரின் வேகத்திற்குச் சமமாகிவிடும். நீர் வினாடிக்கு 2 மீட்டர், ஓடமும் 2 மீட்டர். அப்போது ஓடத்திலிருந்து பார்த்தால் சுற்றியுள்ள நீர் குளத்து நீரைப் போல அசையாமல் நிற்கும். அசையாத நீர் யாரைத் தள்ளும்? நீங்கள் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் பயனில்லை. கரைதான் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பட்டம் விட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. நூல் இருக்கும்வரை பட்டம் காற்றை எதிர்த்து ஏறுகிறது. நூல் அறுந்தால், அதே காற்றில், அதே பட்டம் தள்ளாடிக்கொண்டே காற்றோடு போய் விழுகிறது. நூல் பட்டத்தை மேலே தூக்குவதில்லை. உண்மையில் கீழேதான் இழுக்கிறது. ஆனால் காற்றுக்கும் பட்டத்திற்கும் இடையே சார்பு வேகம் நிலைத்திருக்கச் செய்வது அந்த நூலே.

வடமும் அப்படித்தான். அது தரையின் பிரதிநிதி. ஆற்றின் ஆற்றல் ஆற்றில் மட்டும் இல்லை. தரையைச் சார்ந்து ஆறு நகர்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டுக்கொண்டிருப்பவர்தான் அவ்வாற்றலைப் பெற முடியும். ஓடம் மிதவையால் நீரையும், வடத்தால் தரையையும் தொட்டுக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு ஆற்றல் என்று ஒரு சிறு கணக்குப் போடலாம். நீரோட்டம் வினாடிக்கு 2 மீட்டர் என்றால், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே வினாடிக்கு 2 கன மீட்டர், அதாவது 2,000 கிலோகிராம் நீர் பாய்கிறது. இதன் இயக்க ஆற்றல் ½ × 2,000 × 2² = 4,000 ஜூல். ஆகவே சதுர மீட்டருக்கு 4 கிலோவாட். ஓடம் இதில் ஒரு பங்கையே எடுத்துக்கொள்கிறது. ஓடத்தைக் கடந்து போகும் நீர் அந்த அளவுக்குச் சற்று மெதுவாகவும் சுழித்துக்கொண்டும் போகிறது. ஆற்றல் அழிவின்மை விதிக்கு எந்தப் பங்கமும் இல்லை.

இந்த ஏற்பாடு அண்மைக் காலத்ததும் அல்ல. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் வால் என்னும் ஆற்றின்மேல் 1657ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஓடம் ஓடத் தொடங்கிவிட்டது. நியூட்டனின் விதிகள் நூலாக வெளிவந்தது 1687இல் என்பதை நினைத்துப் பாருங்கள்! விதி எழுதப்படுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஓடம் அவ்விதிப்படி ஓடிக்கொண்டிருந்தது. நைமேகனில் தலைக்கு மேல் வடம் கிடையாது. ஆற்றின் மேல்புறம், வெகு தொலைவில், நங்கூரம் ஒன்றை இறக்கி, அதிலிருந்து நீண்ட கயிற்றில் ஓடத்தைக் கட்டியிருந்தார்கள். கயிறு நீரில் மூழ்காதிருக்க இடையிடையே சிறு படகுகள் தாங்கின. ஓடம் ஊசல் குண்டைப் போல ஒரு வட்டவில்லில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆடிக்கொண்டிருந்தது. ஊசலின் நூல் வேலை செய்வதில்லை என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதே காரணந்தான் இங்கும். 1936இல் அங்கே பெரிய சாலைப் பாலம் திறக்கப்பட்டது. ஜெர்மனியில் எல்பே ஆற்றின் கோஸ்விக் துறையில் இதே ஊசல் முறையில் ஓடும் ஓடம் கார்களையும் ஏற்றிச் செல்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், ரைன் ஆற்றில் 1854 முதல் மேல்வட முறை வழக்கில் உள்ளது. ஆனால் அவை ஆட்களை மட்டும் ஏற்றும் சிறு ஓடங்கள்.

ஓடம் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்பது அடுத்த கேள்வி. ஆற்றின் வேகத்திற்கு மேல் போகாது என்று தோன்றும். அது அவ்வளவு சரியல்ல. நேராக விழும் மழையில் ஓடினால் மழை முகத்தில் அடிப்பதுபோல் தெரியும் அல்லவா? அவ்வாறே ஓடம் வலப்புறம் நகரத் தொடங்கியதும், நீர் நேர் மேலிருந்து வராமல் வலப்புறமாகச் சாய்ந்து வருவதுபோல் ஓடத்திற்குப் படும். வேகம் கூடக்கூட இச்சாய்வு கூடும். நீர் மிதவையின் பக்கத்திற்கு இணையாக வருவதுபோல் ஆகிவிட்டால் தள்ளுவிசை இல்லாமற் போகும். அதுவே எல்லை. உங்கள் படத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தால் எல்லை வேகம் தெரிந்துவிடும்: நீரின் வேகம் × டேன்ஜென்ட் சாய்கோணம். 30 டிகிரிக்கு 2 × 0.577, அதாவது வினாடிக்கு 1.15 மீட்டர். 45 டிகிரிக்கு ஆற்றின் வேகமே. அதற்கும் மேல் சாய்த்தால் ஆற்றை மிஞ்சும் என்கிறது கணக்கு! நடைமுறையில் நீரின் உராய்வும் சுழல்களும் விடமாட்டா. அகன்ற, கனத்த ஓடம் எல்லை வேகத்தை எட்டுவதேயில்லை.

சாய்கோணம் இல்லாமல் இது நடக்காது என்பதையும் கவனியுங்கள். வட்டமான பரிசலை இப்படி வடத்தில் கட்டினால் எப்படித் திருப்பினாலும் அது நீருக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். ஆற்றின் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

லிட்டனுக்குத் திரும்புவோம். அங்கே மேற்குக் கரையில் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. கடை, அஞ்சலகம் போன்றவற்றுக்கு அவர்கள் ஆற்றைக் கடந்தாக வேண்டும். ஆனால் ஆண்டில் சில வாரங்கள் ஓடம் கட்டிவைக்கப்படுகிறது. மே, ஜூன் மாதங்களில் மலைப்பனி உருகி ஆறு பெருகும். 1948ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், லிட்டனுக்குக் கீழே ஹோப் என்ற ஊரில் வினாடிக்கு ஏறத்தாழ 15,000 கன மீட்டர் நீர் பாய்ந்தது. ஆற்றின் விசையால் ஓடும் ஓடத்திற்கு ஆறு பெருகினால் கொண்டாட்டந்தானே என்று தோன்றலாம். விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதை மறக்கக்கூடாது. நீரின் வேகம் 2 மீட்டரிலிருந்து 4 மீட்டரானால், முன்பு 2,000 நியூட்டன் தாங்கிய வடம் இப்போது 8,000 நியூட்டன் தாங்கவேண்டும். கூடவே வேரோடு பெயர்ந்த மரங்களும் மிதந்து வரும். ஒரு மரம் மிதவையில் சிக்கினால் நீர் மோதும் பரப்பும் சேர்ந்து கூடிவிடும். குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் வந்தாலும் இதே தொல்லை. நீர் மிகவும் வற்றினாலோ தள்ளுவதற்கு விசை போதாது. ஓடத்தை ஓட்டுகின்ற அதே விசைதான் அதை நிறுத்தியும் வைக்கிறது. அந்நாட்களில் மேற்குக் கரை மக்கள் காரை விட்டுவிட்டு, அருகிலுள்ள ரயில் பாலத்தின் ஓர நடைபாதையில் நடந்து வருகிறார்கள். கையில் மூட்டையோடு, கீழே செந்நிற வெள்ளம் சீறிக்கொண்டிருக்க நடப்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாலமொன்று கட்டலாமே என்பீர்கள். சில வீடுகளுக்காக அவ்வளவு பெரிய பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் என்றால் செலவுக் கணக்கு வேறாகிவிடும்.

இந்த ஓடத்தை நீங்களே செய்து பார்க்கலாம். முழங்கால் அளவு நீர் சீராக ஓடும் வாய்க்கால் போதும். பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். வாய்க்காலின் குறுக்கே தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டி, அதில் ஒரு சாவி வளையத்தைக் கோத்துவிடுங்கள். ஓர் அடி நீளத்திற்கு வாழைமட்டையை நறுக்கி, அதன் அடியில் நீளவாட்டில் பழைய பிளாஸ்டிக் அளவுகோலைச் செங்குத்தாகச் செருகுங்கள். நீர் மோதும் பக்கம் அதுதான். மட்டையின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு நூல்களை எடுத்து வளையத்தில் கட்டுங்கள். நூல்கள் சமமாக இருந்தால் மட்டை ஆற்றுக்கு நேர்குறுக்காக நின்று, எங்கும் போகாமல் நரம்பை மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு நூலைச் சற்றுக் குறைத்துக் கட்டினால், எந்தப் பக்கத்து நூலைக் குறைத்தீர்களோ அந்தப் பக்கத்துக் கரைக்கு ஓடம் புறப்படும். ஒரு தீப்பெட்டியைச் சுமையாக வைத்து, நூலைச் சிறிது சிறிதாக மாற்றி, எந்தச் சாய்வில் மிக விரைவாகக் கடக்கிறது என்று கைக்கடிகாரத்தால் அளந்து பட்டியலிடுங்கள். சாய்வை அளக்கும்போது கோணமானியை நீரோட்டத்தின் திசையிலிருந்து வைத்து அளக்கவேண்டும்; கரை வளைந்திருந்தால் அதிலிருந்து அளப்பது தவறான விடையைத் தரும்.