விக்கிப்பீடியாவில் எடுப்பதும் இடுவதும்: பதிப்புரிமை நடைமுறைகள்

விக்கிப்பீடியாவில் உள்ள ஒவ்வொரு வரியின் பதிப்புரிமையும் அதை எழுதியவருக்கே உரியது. எழுதியவர் பக்கத்தைச் சேமிக்கும்போதே, அதை எவரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியையும் கொடுத்துவிடுகிறார். அந்த அனுமதியைப் பின்னர் திரும்பப் பெற முடியாது. முதலில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் இருந்தது. 2009-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வந்தது. 2023 முதல் அதன் 4.0 பதிப்பு நடைமுறையில் உள்ளது.

இவ்வுரிமத்தின்படி கட்டுரையை நகலெடுக்கலாம், திருத்தலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். நிபந்தனைகள் இரண்டு: எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

"நன்றி: விக்கிப்பீடியா" என்று போட்டால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். அது போதாது. கட்டுரைத் தலைப்பு, அதன் இணைய முகவரி, உரிமத்தின் பெயர், மாற்றம் செய்திருந்தால் அந்த விவரம் ஆகிய நான்கும் தேவை. எழுதியவர்கள் எல்லாருடைய பெயரும் பக்க வரலாற்றில் இருப்பதால், அந்த முகவரியைக் கொடுப்பதே அவர்களைக் குறிப்பிட்டதாகிவிடும்.

மொழிபெயர்ப்பும் மாற்றி எழுதுவதில் அடங்கும். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி விக்கிப்பீடியாவில் இடுபவர், தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரைக்கு இணைப்புத் தர வேண்டும். ஓர் இதழ் விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றை வெளியிட்டால், அக்கட்டுரை மட்டுமே இவ்வுரிமத்தின்கீழ் வரும். இதழின் மற்றப் பக்கங்கள் வரா. தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை. படித்தறிந்ததைச் சொந்த நடையில் எழுத எவருடைய உரிமமும் வேண்டியதில்லை.

படங்களின் நிலை வேறு. ஒவ்வொரு படத்துக்கும் தனி உரிமம் உண்டு. படத்தைச் சொடுக்கி அதன் பக்கத்தில் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். திரைப்படச் சுவரொட்டி, நிறுவனச் சின்னம் போன்றவை நியாயப் பயன்பாடு என்ற அடிப்படையில் இடப்பட்டிருக்கலாம். அவற்றைப் பிற இடங்களில் பயன்படுத்த அது அனுமதியாகாது. இந்தியாவில் பொது இடத்தில் நிலையாக உள்ள சிலையைப் படமெடுத்து வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. சுவரோவியத்துக்கு அந்த விலக்கு இல்லை.

வெளியிலிருந்து எடுத்து இடும்போது இன்னும் கவனம் வேண்டும். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பது கட்டற்ற உரிமத்தில் இருப்பதாகாது. தமது நூலின் பகுதியையே இட விரும்பும் ஆசிரியரும், அனுமதியை மின்னஞ்சல் வழி உறுதிப்படுத்துவது நல்லது. இல்லையேல் அப்பகுதி நகலெனக் கருதி நீக்கப்படலாம்.

பழைய நூல்களுக்கு இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1960-இல் மறைந்தவரின் எழுத்துகள் 2021 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இலங்கையில் இக்காலம் 70 ஆண்டுகள். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. பாரதிதாசன், கல்கி ஆகியோரின் படைப்புகள் அவ்வாறு பொதுவுக்கு வந்தவை. ஆனால் பிற்காலப் பதிப்பில் சேர்ந்த முன்னுரை, குறிப்பு, ஓவியம் ஆகியவற்றின் உரிமை தனி. திருக்குறளுக்குப் பதிப்புரிமை இல்லை. இன்றைய உரையாசிரியரின் உரைக்கு உண்டு.

நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிந்துவிடும். மீறலை அறிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் 4.0 பதிப்பில் அது தானாக மீளும். ஆகவே, பெயரில்லாமல் தம் எழுத்தோ படமோ வெளிவந்திருப்பதைக் காண்பவர், உரிய குறிப்பைச் சேர்க்கும்படி முதலில் எழுதிக் கேட்பதே முறை.