பிள்ளை யாரிடம் வளர வேண்டும்?

கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டால் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும்? ஜித்ரா வட்டாரத் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் இக்கேள்வி எழும்பொழுது, “சம்பாதிப்பவன் தகப்பன், பிள்ளை அவனுக்கே” என்பர் ஒரு சாரார். “பெற்றவளுக்கே பிள்ளை” என்பர் மற்றொரு சாரார். அண்டை வீட்டாரும் கட்சி பிரிந்து நிற்க, குடும்பப் பூசல் லயத்துப் பூசலாகிவிடுகிறது. சட்டமோ இவ்விரு வாதங்களில் எதனையும் அப்படியே ஏற்பதில்லை.

எந்தச் சட்டம்?

கெடாவில் முஸ்லிம்களின் குடும்ப வழக்குகள் மாநிலச் சட்டத்தின்படி ஷரியா நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. முஸ்லிம் அல்லாதாருக்கு, நாடு முழுமைக்கும் பொதுவான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் உண்டு. அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருந்து வருகிறது.

நீதிமன்றம் எதனை நோக்கும்?

பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது இச்சட்டத்தின் 88-ஆவது பிரிவு. பெற்றோரின் விருப்பமும், சுயமாகக் கருத்துக் கூறும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பதே நன்று என்பது சட்டத்தின் அனுமானம். ஆயினும், தக்க காரணம் காட்டி அதனை மறுக்கவும் இடமுண்டு. பழகிய வாழ்க்கையைக் குலைத்துப் பிள்ளையை இடம் மாற்றுவது விரும்பத்தக்கதன்று என்பதையும் நீதிமன்றம் கவனத்திற் கொள்ளும். பிள்ளை ஒருவர் பொறுப்பில் வளர்ந்தாலும், மற்றவர் வந்து பார்த்துச் செல்ல நீதிமன்றம் வழி செய்யலாம்.

பிள்ளையைத் தம்மிடம் வைத்திராதவர் செலவிலிருந்து தப்பிவிட்டார் என எண்ணலாகாது. 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, பதினெட்டு வயதுக்குப் பின்னரும் மேற்கல்வியோ பயிற்சியோ பெறும் பிள்ளைக்கு, அது முடியும்வரை பராமரிப்புச் செலவு கோரலாம்.

செய்ய வேண்டியவை

சினத்தில் பிள்ளையை இரவோடு இரவாகத் தூக்கிச் செல்லுதல் தீர்வாகாது. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை நமக்கு அருகிலேயே உள்ளது. பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டு செல்வர் என்ற அச்சம் இருப்பின், அதனைத் தடுக்கும் ஆணையை நீதிமன்றத்திடம் கோரலாம்.

திருமணப் பதிவுச் சான்றிதழையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒருவர் மட்டும் மணவிலக்குக் கோரினால், சட்டம் விலக்களித்த சூழல்கள் தவிர, முதலில் தேசியப் பதிவு இலாகாவின் வழி சமரசக் குழுவை அணுக வேண்டும். அங்கு இணக்கம் ஏற்படாவிடில், குழு வழங்கும் சான்றிதழுடன் அலோர் ஸ்டார் உயர் நீதிமன்றத்தை நாடலாம். வழக்கறிஞருக்குப் பணம் கட்ட இயலாதோர் சட்ட உதவி இலாகாவிடம் விண்ணப்பம் செய்யலாம்.

அண்டை வீட்டாருக்கும் கடமையுண்டு. புறங்கூறிப் பகையை வளர்ப்பதும், பிள்ளையிடமே ஒருவரைப் பற்றி மற்றவரைத் தூற்றுவதும் அப்பிள்ளைக்கே தீங்காகும். பிள்ளை பள்ளி சென்று திரும்பும் வரை பார்த்துக்கொள்வதும், பெற்றோருக்கு நீதிமன்ற வழியை எடுத்துச் சொல்வதுமே நல்ல அண்டை வீட்டாரின் உதவி. மணவாழ்வு முறியலாம், ஆனால், தாய் தந்தை என்னும் பொறுப்பு முறிவதில்லை என்பதை நாம் அனைவரும் நினைவிற் கொள்வோமாக.