எச்.பி. ஏற்றினால் தண்ணீர் ஊறாது

கொங்குப் பக்கம் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு யோசனை இலவசமாகக் கிடைக்கும். "தண்ணி பத்தலீங்களா? அந்த அஞ்சு எச்.பி.யத் தூக்கிப் போட்டுட்டு ஏழரைய எறக்குங்க, பிச்சுக்கிட்டு வரும்." பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்வார், காயில் கட்டுகிறவர் சொல்வார், பம்புக் கடையில் சொல்லாமலா இருப்பார்கள்? இந்தியாவின் முதல் மின்மோட்டார் 1937-இல் உருவானது கோவையில். அதே கோவையைச் சுற்றி, மோட்டாரைப் பற்றி இப்படி ஒரு மூடநம்பிக்கை உலவுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. இருப்பதைத் தூக்குகிறது, அவ்வளவுதான். நொடிக்கு 1 லிட்டர் தண்ணீரை 75 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறக்குறைய 1 எச்.பி. வேண்டும். பம்பிலும் மோட்டாரிலும் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால் 2 எச்.பி. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், டீக்கடை நிபுணர்கள் பாதிப் பேர் வாயை மூடிவிடலாம்.

போர் போடும்போது வண்டிக்காரர் வி வடிவத்தில் வெட்டிய தகட்டை வைத்து "ரெண்டரை இஞ்ச் தண்ணி" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதைக் குழாயின் அளவு என்று நினைத்துக்கொள்கிறவர்கள் பலர். இல்லை. அந்தத் தகட்டில் வழியும் நீரின் உயரம் அது. 90 பாகை வெட்டில் இரண்டரை இஞ்ச் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 84 லிட்டர். 2 இஞ்ச் என்றால் 48 லிட்டர்தான். அரை இஞ்சில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! இஞ்ச் இரட்டிப்பானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும்.

சரி, இந்த 84 லிட்டர் போரில் 400 அடியிலிருந்து தண்ணீர் எடுக்கிறீர்கள். 5 எச்.பி. நிமிடத்துக்கு 90 லிட்டர் சொச்சம் எடுக்கும். ஏழரை எச்.பி. 138 லிட்டர் எடுக்கும். பாறை இடுக்கிலிருந்து வருவது 84. மீதி 54 லிட்டரை ஏழரை எச்.பி. எங்கிருந்து கொண்டுவரும்? தமிழ்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் கசிந்து வருவதுதான் நம் போர் தண்ணீர். மேலே எத்தனை எச்.பி. மாட்டியிருக்கிறோம் என்று அந்த வெடிப்புக்குத் தெரியாது.

"இல்லீங்க, நான் மாத்துனேன், கண்ணு முன்னால அதிகமா வந்துச்சு" என்பார்கள். வந்திருக்கும். ஆறரை இஞ்ச் போரில் ஓரடி ஆழத்துக்கு ஆறரை லிட்டர் நிற்கும். ராத்திரி முழுக்க ஊறி 100 அடி ஏறியிருந்தால் அது 650 லிட்டர். பெரிய மோட்டார் முதலில் இதைத்தான் வாரி இறைக்கிறது. 54 லிட்டர் வீதம் பன்னிரண்டு நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு நடப்பதைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு காற்று கலந்து கக்கிக் கக்கி வரும், நின்றுபோகும், மறுபடி ஊறும்வரை காத்திருக்க வேண்டும். நாள் முடிவில் கூட்டிப் பார்த்தால் 5 எச்.பி. நிதானமாக எடுத்திருக்கும் தண்ணீரைவிடப் பெரிதாக ஒன்றும் கூடியிருக்காது.

இதைவிடக் கொடுமை, பம்பை அப்படியே விட்டுவிட்டு மோட்டாரை மட்டும் பெரிதாக மாற்றுவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இந்த மோட்டார்கள் எல்லாம் நிமிடத்துக்கு 2,900 சுற்றுக்கு ஒட்டித்தான் ஓடும், ஐந்தானாலும் பத்தானாலும். அதே இம்பெல்லர், அதே வேகம், அதே தண்ணீர். கூடுவது விலை ஒன்றுதான்.

தண்ணீர் வறண்டபின் சப்மெர்சிபிள் ஓடினால் என்ன ஆகும் என்பதைக் காயில் கட்டும் கடையில் வரிசையாகக் கிடக்கும் மோட்டார்களைக் கேளுங்கள். அந்த மோட்டாரைக் குளிர்விப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான், உள்ளே பேரிங்குக்கு வழுக்கு கொடுப்பதும் தண்ணீர்தான். அது நின்றால் காயில் கருகும். டிரை ரன் தடுப்பான் வைத்த பேனல் போர்டு ஒரு தடவை காயில் கட்டிக் குழாய் தூக்கி இறக்கும் செலவைத் தாண்டாது. ஆனால் அதை வாங்கச் சொன்னால், "அது எதுக்குங்க வெட்டிச் செலவு" என்கிறார்கள்.

உங்கள் காசு, உங்கள் மோட்டார் என்று விட்டுவிடவும் முடியவில்லை. 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் ஏழரை எச்.பி. மோட்டார் ஏறக்குறைய 11 ஓடலாம். எல்லாரும் அனுமதி வாங்காமல் பத்துக்கு மாறினால் எட்டுதான் தாங்கும். வோல்டேஜ் இறங்கும். வோல்டேஜ் இறங்கியதால் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்ததால் இன்னொருவர் எச்.பி. ஏற்றுவார். கடைசியில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து, நேர்மையாக 5 எச்.பி. வைத்திருந்தவரும் சேர்ந்து வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெரிய மோட்டார் எப்போதுமே தேவையில்லை என்று சொல்லவில்லை. நீர்மட்டம் 300 அடியிலிருந்து 600 அடிக்குப் போய்விட்டால் அதே தண்ணீரைத் தூக்கவே இரட்டிப்பு வேலை. அப்போது ஸ்டேஜ் அதிகமுள்ள பம்பும் அதற்கேற்ற மோட்டாரும் வேண்டும்தான். அதற்கும் முதலில் மட்டத்தை அளக்க வேண்டும். பம்பின் தகட்டில் ஹெட், டிஸ்சார்ஜ், ஸ்டேஜ் என்று அச்சடித்திருப்பது அழகுக்கா? எச்.பி. எண்ணை மட்டும் படித்துவிட்டுக் காசு எண்ணிக் கொடுப்பது நம் வழக்கம்.

செலவழித்தே தீருவேன் என்று கை அரித்தால் குழாயில் செலவழியுங்கள். நீளமாகப் போகும் 2 இஞ்ச் லைனை இரண்டரை இஞ்சாக்கினால், அதே தண்ணீருக்கு உரசலில் வீணாகும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு விரயமாக்கத் தேவையில்லை. இரண்டு ஃபேஸ் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மூன்று ஃபேஸ் மோட்டாரை ஓட்டினால் ஒன்றும் ஆகாது என்பது பொய். மின்னோட்டம் சமமில்லாமல் பாய்ந்து காயில் சூடேறும், டிரான்ஸ்ஃபார்மருக்கும் கேடு. சோலார் பம்பு மழைக்காலத்தில் சரியாக ஓடாதாம்! மழை பெய்கையில் எதற்கய்யா தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்? சொட்டுநீர் போட்டால் தென்னை வேர் மேலே வந்து காற்றுக்குச் சாயும் என்கிறார்கள். தூரை ஒட்டி ஒரே ஒரு சொட்டுவான் வைத்தால் எந்த மரமும் சிரமப்படும். மூன்றடி தள்ளிச் சுற்றிலும் நான்கைந்து வைக்க வேண்டும்.

ட்ரோன் விஷயம் கொஞ்சம் ஆபத்தானது. "ட்ரோன்ல அடிச்சா மருந்து கம்மியாப் போதும்" என்று பரப்புகிறார்கள். குறைவது தண்ணீர். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் கலக்கும் இடத்தில் ட்ரோன் 10 லிட்டரில் முடித்துவிடும். ஏக்கருக்கான மருந்தளவு டப்பாவில் போட்டிருப்பதுதான். அதாவது அந்த 10 லிட்டர் கடுமையான கரைசல். காற்று வீசும்போது அடித்து, பக்கத்துத் தோட்டத்து மல்பெரியில் படிந்தால் பட்டுப்புழு செத்துவிடும். அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க எந்தத் தொழில்நுட்பமும் வரவில்லை.

இதெல்லாம் ஏன் தொடர்கிறது என்றால், தோட்டத்தில் யாரும் எதையும் அளப்பதில்லை. பாலுக்கு லிட்டர் பார்க்கிறோம், டீசலுக்குப் பங்கில் எண்ணை முறைத்துப் பார்க்கிறோம், தண்ணீருக்கு மட்டும் கண் மதிப்பு. அதனால் பல வருடமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: டெலிவரி குழாயில் ஒரு தண்ணீர் மீட்டர் மாட்டுங்கள். மீட்டர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறுவது எனக்குத் தெரியும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்த மண் இது, அந்தக் கோபம் நியாயமானது. நான் சொல்வது மின்வாரியத்து மீட்டர் அல்ல. உங்கள் காசில் வாங்கி, உங்கள் குழாயில் மாட்டி, நீங்கள் மட்டும் பார்க்கிற மீட்டர். அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டியதில்லை.

மீட்டர் வாங்க மனமில்லையா, 200 லிட்டர் டிரம் ஒன்றும் செல்போனும் போதும். மோட்டார் போட்டு ஒரு மணி நேரம் கழித்து டிரம் எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். போட்ட உடனே பார்த்தால் முன்பு சொன்ன பன்னிரண்டு நிமிட ஏமாற்றுதான் கிடைக்கும். மாதம் ஒரு தடவை அதை ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் எழுதி வையுங்கள். மீட்டரே வாங்குகிறவர்கள் அதை ஃபில்டருக்கு அடுத்து, நேரான குழாயில் மாட்டச் சொல்லுங்கள். முன்னால் குழாய் விட்டத்தைப்போலப் பத்து மடங்கு நீளமாவது எல்போ, வால்வு எதுவும் இருக்கக் கூடாது. பிளம்பர் "இடம் இல்லீங்க" என்று வளைவை ஒட்டி மாட்டப் பார்ப்பார். விடாதீர்கள்.