குட்டி யானைக்கு எதைப் பூட்டலாம், எதைப் பூட்டக் கூடாது?

சொந்தமா ஒரு சரக்கு வண்டி வேணும் என்பது நம்மில் பலருக்கு உள்ள ஆசை. எனக்கு அந்த ஆசை வந்த கதையைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போகலாம்.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். தக்காளி, கத்தரி, முருங்கை, கொஞ்சம் கீரை. ஞாயிறுதோறும் கோவையில் நேரடி விற்பனை. ஆரம்பத்தில் வாடகை வண்டியில்தான் கொண்டு போனோம். ஒரு வாரம், வாடிக்கையாக வாங்கும் அம்மா ஒருவர் கீரைக் கட்டைப் பிரித்தவர், வேர்ப் பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைக் குருணையை விரலில் எடுத்துக் காட்டினார். யூரியா! முதல் நாள் அந்த வண்டி உர மூட்டை ஏற்றியிருக்கிறது. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கட்டை வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவே இல்லை. வயலில் வருசக்கணக்காகக் காப்பாற்றிய பெயரை வழியில் தொலைத்தோம்.

அடுத்த மாதமே கடன் வாங்கி, பழைய டாடா ஏஸ் ஒன்றை எடுத்தேன். 2005-இல் சந்தைக்கு வந்த வண்டி. நம்ம ஊரில் 'குட்டி யானை' என்றால்தான் தெரியும். வாங்கிய கையோடு நான் செய்த வேலை என்ன தெரியுமா? முன்னால் தடிமனான இரும்புக் குழாய் பம்பர், கேபின் மேல் கேரியர், கூசும் வெளிச்சத்தில் விளக்கு, பெரிய ஸ்பீக்கர். காய்க்கு உதவுகிற பொருள் அதில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தப்பை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. பொலிரோ பிக்கப், தோஸ்த் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான்.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்க

வண்டிக்கு எதைப் பூட்டுவதற்கு முன்னாலும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். வண்டியின் வெற்று எடை ஒன்று. சரக்கோடு சேர்ந்த மொத்த எடை இன்னொன்று. உதாரணத்துக்கு மொத்த எடை 1,550 கிலோ, வெற்று எடை 820 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 730 கிலோ. இதில் ஓட்டுபவரும் கூட வருபவரும் 140 கிலோ. மீதி 590 கிலோதான் சரக்கு. தக்காளி நிரப்பிய ஒரு கிரேட் 24 கிலோ என்றால் 24 கிரேட் போகும்.

நான் பூட்டிய பம்பர், கேரியர் எல்லாம் சேர்ந்து 80 கிலோ. அப்போ மீதி 510. கிரேட் 21-தான். ஒவ்வொரு நடைக்கும் மூணு கிரேட் தக்காளியை இரும்புக்குத் தாரை வார்த்திருக்கிறேன்! வண்டியில் இடம் இருக்கிறதே என்று அந்த மூணையும் ஏற்றினால் அது அதிக பாரம். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய். வைக்கோல் ஏற்றுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆகவே முதல் விதி: பூட்டுகிற ஒவ்வொரு பொருளும் தன் எடைக்கு வேலை செய்ய வேண்டும்.

1. கிரேட்: முதல் பணம் இதற்குத்தான்

சாக்கிலும் கூடையிலும் அடுக்கும்போது மேல் மூட்டையின் பாரம் முழுவதும் கீழே உள்ள காயின் மேல் இறங்குகிறது. கிரேட்டில் அந்தப் பாரம் பிளாஸ்டிக் சுவர் வழியாக இறங்கிவிடும்; காய் மேல் படாது. ஆனால் விளிம்புக்கு மேல் கும்பாரமாக நிரப்பினால் அந்த நன்மை போச்சு. விளிம்புக்கு இரண்டு விரல் கீழேயே நிறுத்துங்க. பக்கத்தில் காற்றுத் துளை உள்ள கிரேட்டாகப் பார்த்து வாங்குங்க. அடியில் பழைய செய்தித்தாளுக்குப் பதில் வாழைச் சருகு, வைக்கோல் போடலாம்.

2. தரை விரிப்பும் கழுவும் பழக்கமும்

நமக்கு இதே வண்டிதான் எருவுக்கும், இதே வண்டிதான் காய்க்கும். பச்சைச் சாணமும் கோழி எருவும் ஏற்றிய தரையில் அப்படியே கீரையை வைத்தால், யூரியாவுக்குப் பதில் கிருமியைக் கொண்டு போகிறோம். அதனால் இரண்டு விரிப்பு வேண்டும். எருவுக்கு ஒரு பழைய தார்ப்பாய். காய்க்குத் தனியாக ஒரு ரப்பர் விரிப்பு. இரண்டுக்கும் நிறம் வேறாக இருந்தால் அவசரத்தில் மாறாது. எரு நடை முடிந்ததும் தரையைக் கழுவி, வெயிலில் காயவிட்டு, பிறகுதான் ரப்பர் விரிப்பைப் போட வேண்டும். ரப்பர் விரிப்பு அதிர்வைக் குறைக்கும். கிரேட் வழுக்காமலும் பிடித்துக்கொள்ளும்.

டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வையுங்க. தேதி, ஏற்றிய பொருள், கழுவிய விவரம் என மூணு பத்தி போதும். அங்ககச் சான்று வைத்திருப்பவர்களிடம், வழியில் கலப்பு நடக்கவில்லை என்பதற்கு என்ன சாட்சி என்று ஆய்வாளர் கேட்டால், இந்த நோட்டுதான் பதில். வண்டியை அடுத்தவருக்கு உர மூட்டை ஏற்ற இரவல் கொடுத்தால் அதையும் எழுதுங்க. முடிந்தால் கொடுக்காதீங்க.

3. நிழலும் காற்றும்

காயின் மேல் தார்ப்பாயை ஒட்டிப் போர்த்தினால் உள்ளே அடுப்பு மாதிரிதான். காய் பறித்த பிறகும் மூச்சு விடுகிறது, அதனால் சூடும் வருகிறது. அந்தச் சூடு வெளியே போக வழி வேண்டும். சரக்குக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்க. கழற்றி மாட்டும்படி மெல்லிய வளைவுக் கம்பி நாலு போதும். கறுப்புத் தார்ப்பாய் வெயிலை இழுக்கும். வெள்ளை அல்லது வெள்ளி நிறம் நல்லது. மழை இல்லாத நாளில் நிழல்வலையே போதும்.

கீரைக்கு ஈரச் சாக்கு. நனைத்துப் பிழிந்து, கட்டுகளின் மேல் போடுங்க. ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். நம்ம பானைத் தண்ணி குளிர்கிற கணக்குதான். சொட்டச் சொட்டப் போட்டால் கீரை அழுகும்.

இன்னொன்று, பழுத்த வாழை, பப்பாளி, மாம்பழத்தைக் கீரையோடு சேர்த்து மூடாதீங்க. பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். பழம் பின்னால், காற்றோட்டமான பக்கம், கீரை முன்னால்.

4. கட்டுகிற பொருள்

பாடியின் ஓரங்களில் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பாருங்க. துருப்பிடித்ததை மாற்றுங்க. பற்சக்கரம் வைத்து இறுக்கும் ராட்செட் பெல்ட் நாலு, ஒரு வலை இருந்தால் போதும். பாரமானது கீழே, நடுவில், கேபின் பக்கம். இலேசானது மேலே. பத்து கிலோமீட்டர் போனதும் ஒரு தடவை நிறுத்தி, கட்டு தளர்ந்திருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்க.

5. தொட்டி: எங்கள் வீட்டில் கை முறிந்த பாடம்

ஜீவாமிர்தம் கொண்டு போக ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை ஏற்றினேன். ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ. குட்டி யானை தாங்காது. அதனால் "பாதிதான் நிரப்பினேன், பரவாயில்லை" என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு. பாதித் தொட்டியில் தண்ணி அலை அடிக்கும். ஓடைப் பாலத்துத் திருப்பத்தில் நான் வலதுபக்கம் ஒடித்தேன். உள்ளே இருந்த ஐந்நூறு கிலோவும் இடதுபக்கம் போய் மோதியது. ஒற்றைக் கயிறு அறுந்தது. தொட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற என் தம்பி குதித்தான். மணிக்கட்டு முறிந்தது. வண்டி கவிழாதது எங்க நல்ல நேரம்.

ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி கேட்டாள்: "விளக்கு வாங்கின காசுக்கு ரெண்டு பெல்ட் வாங்கியிருக்கக் கூடாதா?" என்னிடம் பதில் இல்லை.

இப்போது 200 லிட்டர் பீப்பாய் இரண்டுதான். வாய்வரை நிரப்பி, மூடி, கேபினை ஒட்டி நிறுத்தி, தனித்தனியாக இரண்டு பெல்ட். பெரிய தொட்டிதான் வேண்டும் என்றால் உள்ளே அலை தடுக்கும் தடுப்பு உள்ளதாகப் பாருங்க. புளிக்கிற கரைசலுக்கு மூடியில் காற்று போகச் சின்னத் துளை வேண்டும். பின்னால் ஆள் ஏற்றுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கும் அலைய வேண்டிவரும்.

6. சக்கரமும் வெளிச்சமும்

காற்று அழுத்தம் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று சட்டைப் பையில் அடங்கும். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பாருங்க. நல்ல ஸ்டெப்னி, ஜாக்கி, அத்தோடு ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு அகலமான பலகை. உழவு மண்ணில் பலகை இல்லாமல் ஜாக்கி உள்ளேதான் இறங்கும்.

விடிகாலை மூணு மணிக்குச் சந்தைக்குப் போகிறவர்கள் நாம். ஒளி எதிரொலிக்கும் பட்டை கட்டாயம் வேண்டும்: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். சேறு படிந்த பின்விளக்கு இருந்தும் பயனில்லை. கிளம்பும் முன் ஈரத் துணியால் துடைப்பதற்குக் காசு ஆகாது.

பூட்டக் கூடாதவை

*இரும்பு பம்பர்:* முன்னால் பூட்டும் இந்தத் தடுப்புகளுக்கு எதிராக மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மேல் பட்டால் அது உலக்கை.

*கூடுதல் கமான் பட்டை:* "ஒரு பட்டை சேர்த்தா ஒரு டன் தாங்கும்" என்பார்கள். எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் சொன்னது வேறு: "பட்டை தாங்கும் தம்பி. பிரேக் தாங்குமா? டயர் தாங்குமா?" தவிர, பட்டை கடினமானால் குலுக்கல் அதிகம், தக்காளிக்குத்தான் அடி.

*கூசும் விளக்கும் காற்று ஹாரனும்:* எதிரே வருபவருக்குக் கண் தெரியாவிட்டால் ஆபத்து நமக்கும்தான். ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் தீப்பிடிக்கவும் வழி உண்டு.

வண்டி நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. ஆகவே வெல்டிங் வைத்துப் பாடியை உயர்த்துவது, நீட்டுவது போன்ற எதுவானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்க. இல்லையென்றால் எஃப்.சி.க்குப் போகும்போது அறுத்து எடுக்கவும் நாம்தான் காசு கொடுக்கணும். வண்டிக்கு எட்டு வயது ஆகிவிட்டால் எஃப்.சி. வருசா வருசம்.

வாங்கும் வரிசை

கையில் இருக்கிற காசைப் பார்த்து இப்படிப் போங்க: முதலில் நல்ல டயரும் பிரேக்கும். இரண்டாவது பெல்ட், கொக்கி, ஒளிப் பட்டை. மூன்றாவது கிரேட். நான்காவது விரிப்புகள். ஐந்தாவது நிழல்வலை, வளைவுக் கம்பி, வெள்ளைத் தார்ப்பாய். பாட்டு கேட்க ஆசையா? கடைசியாக ஒரு சின்ன ரேடியோ.

என் வண்டியில் இப்போது பம்பர் இல்லை, கேரியர் இல்லை. பழைய இரும்புக் கடையில் போட்ட காசில்தான் முதல் பத்து கிரேட் வாங்கினேன். பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று தம்பி கிண்டல் செய்வான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை தார்ப்பாயை விலக்கும்போது கீரை பறித்தபோது இருந்த மாதிரியே நிமிர்ந்து நிற்கிறது. போன அந்த அம்மா இன்னும் திரும்பி வரவில்லை. வந்தால் கட்டைப் பிரித்து, வேர் வரைக்கும் தைரியமாகக் காட்டுவேன்.