நரிமணத்துக்கு மூடி போட்டது யார்?

"நம்ம நரிமணத்துலயே எண்ணெய் கொட்டிக் கெடக்கு சார். அரபுக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு மூடி வெச்சிருக்கான். தோண்டினா லிட்டர் நாப்பது ரூபாதான்!" பெட்ரோல் பங்க் வரிசை, கல்யாணப் பந்தி, ஷேர் ஆட்டோ, எங்கே போனாலும் இந்தக் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் காலம் தள்ளியவனிடம் இதைச் சொன்னால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மூடியே கிடையாது ஐயா. 1980-களில் கண்டுபிடித்ததிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதைக் காய்ச்சி வடிக்கவே 1993-இல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆலை வந்தது. ஆண்டுக்கு 5 லட்சம் டன், பிறகு 10 லட்சம். சென்னை மணலி ஆலையின் கொள்ளளவு 105 லட்சம் டன். நரிமணம் உள்ளிட்ட காவிரிப் படுகை மொத்தமும் ஓர் ஆண்டில் தருவது சில லட்சம் டன்; மணலிக்கு ஒரு மாதத் தீனிகூட ஆகாது. அந்த மணலியே 1969-இல் ஈரானின் டேரியஸ் வயல் எண்ணெயை நம்பித்தான் ஓட ஆரம்பித்தது.

சரி, நாடு முழுக்கப் பார்ப்போம். மும்பைக் கடல், அசாம், ராஜஸ்தான் எல்லாம் சேர்த்து 2023-24-இல் எடுத்த கச்சா எண்ணெய் சுமார் 2.9 கோடி டன். நாம் செலவழித்த பெட்ரோலியப் பொருள்களோ 23 கோடி டன்னுக்கு மேல். மீதிக்கு இறக்குமதிதான்.

இதற்கு மேல்தான் முக்கியமான விஷயம், யாரும் காதில் வாங்காதது. உள்ளூரில் எடுத்தாலும் உள்ளூர் விலை கிடையாது. பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி தன் கச்சா எண்ணெயை உலகச் சந்தை விலையை ஒட்டித்தான் விற்கிறது. 2022-இல் உலக விலை ஏறியபோது உள்நாட்டு எண்ணெய்க்கும் அபரிமித லாபம் கிடைத்தது. அதனால்தான் மத்திய அரசு அதன்மேல் தனி வரி போட்டது. நாளைக்கே நரிமணத்தில் ஊற்று பீறிட்டாலும் உங்கள் ஸ்கூட்டருக்கு ஒரு பைசா குறையாது.

"கச்சா எண்ணெய் இறங்கினால் பெட்ரோலும் இறங்கணுமே?" இறங்கணும்தான். 2020 ஏப்ரலில் பீப்பாய் 20 டாலரை ஒட்டி விழுந்தது. மே மாதமே கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றிவிட்டார்கள். கோபப்படுவதானால் இதற்குப் படுங்கள்.

பங்க் வரிசையில் இன்னும் சில கதைகளும் உண்டு. விடியற்காலையில் நிரப்பினால் கூடுதலாகக் கிடைக்குமாம். தொட்டி தரைக்கடியில் இருக்கிறது, அங்கே வெப்பநிலை அவ்வளவு சுலபத்தில் மாறாது. 100 ரூபாய்க்குப் போடாமல் 110-க்குப் போட்டால் ஏமாற்ற முடியாதாம். குறைக்க நினைப்பவனுக்கு 110 என்ன, 100 என்ன? மூலிகையிலிருந்து பெட்ரோல் எடுக்கலாம் என்று இன்னும் நம்புகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

இறக்குமதி நிஜமாகவே உறுத்துகிறதா? பேருந்துக்குத் தனித்தடம் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்குக் கிண்டியில் நின்று எண்ணிப் பாருங்கள்: காருக்கு ஓர் ஆள், அதற்குப் பின்னால் அறுபது பேரோடு மாநகரப் பேருந்து நகர முடியாமல் டீசலைக் குடித்துக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் மட்டும், "அதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது சார்" என்கிறார்கள், நரிமணத்தில் கடலளவு எண்ணெய் இருப்பதாக நம்பும் அதே ஆட்கள்.