கோட்டையில் ஆள் மாறினால் எண்ணூரில் என்ன மாறும்?

ஆட்சி மாற்றத்தைப் பற்றி ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை டீக்கடைகளில் அடிபடும் பேச்சுகளில் பாதி உண்மை உண்டு. சிக்கல் என்னவென்றால், தேர்தல் நேரத்தில் வாக்குச்சாவடி வரை வந்து சேர்வது பெரும்பாலும் மற்ற பாதிதான். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: "புது ஆட்சி வந்தா பழைய ஆட்சி போட்ட திட்டத்துக்கெல்லாம் பூட்டுதான்."

இப்படி நம்புகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்த ஓமந்தூரார் தோட்டத்துப் புதிய தலைமைச் செயலகம், 2011 மே மாதம் ஜெயலலிதா முதல்வரானதும் கைவிடப்பட்டு, 2014-ல் உயர்சிறப்பு மருத்துவமனையானது. சமச்சீர் கல்வியை நிறுத்திவைக்கப் பார்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் நடத்தச் சொல்லிவிட்டது. அண்ணா நூற்றாண்டு நூலகத்தை இடம் மாற்றும் முடிவும் நீதிமன்றத்தில்தான் நின்றது.

ஆனால் அதே 2011-ல் இன்னொரு திட்டமும் கைமாறியது. மெட்ரோ ரயில் முந்தைய தி.மு.க. ஆட்சியின் திட்டம். ஜெயலலிதா விரும்பியது மோனோ ரயில். ஆட்சிக்கு வந்த கையோடு அதை அறிவிக்கவும் செய்தார். மோனோ ரயிலுக்கு ஒரு தடம்கூடப் போடப்படவில்லை. மெட்ரோவோ வளர்ந்துகொண்டே போனது. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு முதல் வண்டியைத் தொடங்கி வைத்தவரும் ஜெயலலிதாதான்.

வடசென்னைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது அடுத்த கட்டம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை சுமார் 9 கிலோமீட்டர், 3,770 கோடி ரூபாய். 2016 ஜூலையில் ஜெயலலிதா பணிகளைத் தொடங்கி வைத்தார். 2021 பிப்ரவரி 14 அன்று, முதல்வர் எடப்பாடி பழனிசாமி முன்னிலையில் பிரதமர் மோடி ரயிலைத் தொடங்கி வைத்தார். அன்று வண்டி திருவொற்றியூர் தேரடியில் நிற்கவில்லை, நிலைய வேலை பாக்கியிருந்தது. அது முடிவதற்குள் ஆட்சி மாறிவிட்டது. 2022 மார்ச்சில் தேரடி நிலையமும் விம்கோ நகர் பணிமனை நிலையமும் திறக்கப்பட்டபோது முதல்வர் மு.க.ஸ்டாலின். இன்று தேரடியில் இறங்கி வடிவுடையம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவருக்கு, எந்தத் தூண் எந்த ஆட்சியில் நின்றது என்று தெரியவும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

தலைமைச் செயலகம் போய், மெட்ரோ பிழைத்தது ஏன்? பெருந்தன்மையைக் காரணமாகச் சொல்வதற்கில்லை. மெட்ரோ நிறுவனம் மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். ஜப்பானின் கடன் ஒப்பந்தம் 2008-லேயே கையெழுத்தாகிவிட்டது, 2009 ஜனவரியில் மத்திய அமைச்சரவையின் ஒப்புதலும் வந்துவிட்டது. கோட்டையிலிருந்து ஓர் அரசாணை போட்டு இதை மூட முடியாது. ஓமந்தூரார் கட்டடம் முழுக்க முழுக்க மாநில அரசின் சொத்து, அதற்கு ஓர் ஆணை போதும். மக்கள் நலப் பணியாளர்களும் அப்படித்தான். 1989-ல் தி.மு.க. ஆட்சியில் வேலைக்கு வந்த அந்தக் கிராமப்புற ஊழியர்கள், அதற்குப் பின் ஒவ்வோர் ஆட்சி மாற்றத்திலும் வீட்டுக்கு அனுப்பப்படுவதும் திரும்ப அழைக்கப்படுவதுமாக இருந்தார்கள். அவர்களுக்காக வாதாட டோக்கியோவில் யாரும் இல்லை.

நம்பிக்கை: "சண்டையெல்லாம் மேடையோட சரி. உள்ளுக்குள்ள ரெண்டு பேரும் ஒண்ணு."

இதை நம்புகிறவர்கள் ஒருமுறை கூவம் ஓரமாகத் துறைமுகம் வரை வந்து பார்த்திருக்கலாம். பத்தாண்டுக்கு மேல் மொட்டைத் தூண்கள் அங்கே சும்மா நின்றன.

துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தை ஒட்டி 19 கிலோமீட்டர். திட்டமிட்ட செலவு 2,000 கோடிக்கும் குறைவு. சென்னைத் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் லாரிகள் நகரத் தெருக்களைத் தொடாமல் மேற்கே போய்விட வேண்டும் என்பதுதான் நோக்கம். 2011-ல் ஆட்சி மாறியது. 2012-ல், தூண்கள் ஆற்றுக்குள் இறங்குகின்றன, நீரோட்டம் தடைபடும் என்று சொல்லி மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பின்னர் அ.தி.மு.க. ஆட்சிக்காலத்திலேயே மீண்டும் பேச்சு தொடங்கியது. கடைசியில் 2022 மே 16 அன்று மாநில அரசு, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், கடற்படை ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பத்தே நாளில், மே 26 அன்று, பிரதமர் மோடி மறுபடியும் ஓர் அடிக்கல் நாட்டினார். இப்போது அது ஈரடுக்குச் சாலை. மதிப்பு 5,800 கோடியைத் தாண்டிவிட்டது.

ஆற்றுக்குள் தூண் நடலாமா என்பது நியாயமான கேள்விதான். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த எவரும் அதை அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை வரைபடத்தில் இருந்தது. தூணை நகர்த்தச் சொல்லி, புது வடிவம் கேட்டு வாங்கியிருந்தால் ஓராண்டு போயிருக்கும். இங்கே போனது பத்தாண்டு. அந்தப் பத்தாண்டும் துறைமுகத்தின் பாரமெல்லாம் வடக்கு வாசல் வழியாகத்தான் வெளியேறியது. காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், மணலி வரை டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்கூடைக்காரிகளும் அவற்றின் இடையில் புகுந்து சாலையைக் கடந்தார்கள். இதை மேடை நாடகம் என்று எப்படிச் சொல்வது?

மெட்ரோவைப் போலவே இதிலும் மத்திய அரசு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் ஆறு மாநிலத்தினுடையது, நிறுத்தும் அதிகாரம் பொதுப்பணித்துறையின் கையில் இருந்தது.

நம்பிக்கை: "அமெரிக்காவுல ஆட்சியை ஒப்படைக்க ரெண்டரை மாசம். நமக்கு அஞ்சு நாள்கூட இல்ல. அதனால இங்க ஒழுங்கா எதுவும் கைமாறாது."

அமெரிக்காவில் நவம்பரில் தேர்தல், ஜனவரி 20-ல் பதவியேற்பு. இடைப்பட்ட காலத்துக்கென்றே 1963-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். வரப்போகும் அதிபரின் குழுவுக்கு அலுவலகம், பணம், தகவல் எல்லாம் கொடுக்க வேண்டும். அவ்வளவு ஏற்பாடு இருந்தும் 2020-ல் பைடனின் குழுவுக்குக் கதவு திறக்க நவம்பர் 23 ஆகிவிட்டது. அதிபர் மாறினால் அங்கே சுமார் 4,000 அரசியல் நியமனப் பதவிகள் மாறும், அதனால்தான் அத்தனை நாள் வேண்டியிருக்கிறது. இங்கே முதல்வரும் அமைச்சர்களும் மாறுகிறார்கள். கலெக்டர், மண்டல அலுவலர், மின்வாரியப் பொறியாளர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்; பிறகு இடமாற்றப் பட்டியல் வரும், அது வேறு கதை.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே 2 முடிவு, மே 3 பழனிசாமி ராஜினாமா, மே 7 ஸ்டாலின் பதவியேற்பு. நடுவில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மே 4 அன்று முகப்பேரில் தி.மு.க.வினர் சிலர் அம்மா உணவகத்துக்குள் புகுந்து பலகைகளைப் பிய்த்தெறிந்தார்கள். கட்சி அவர்களை நீக்கியது, வழக்கு பதிவானது, பலகைகள் திரும்ப ஏறின, உணவகங்கள் தொடர்ந்து நடந்தன. பதவியேற்பு விழாவுக்கு அ.தி.மு.க.வின் ஓ.பன்னீர்செல்வம் வந்திருந்தார். அந்த மாதமே அமைந்த அனைத்துக் கட்சி சட்டமன்ற உறுப்பினர்களின் கொரோனா ஆலோசனைக் குழுவில், முந்தைய ஆட்சியின் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கரும் இடம்பெற்றார். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் என்ற ஆணையில் மே 7 அன்று கையெழுத்தானது, மறுநாளே நடைமுறைக்கு வந்தது. தண்டையார்பேட்டை டெப்போவிலிருந்து வண்டி எடுத்தவர்கள் முந்தின வாரம் எடுத்த அதே டிரைவர், கண்டக்டர்கள்தாம்.

மரியாதை விஷயத்தில் மட்டும் நாம் தடுமாறுவோம். 2016 மே 23 அன்று ஜெயலலிதாவின் பதவியேற்புக்குப் போன ஸ்டாலினுக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பெரிய சர்ச்சையாகி, அவமதிக்கும் எண்ணமில்லை என்று ஜெயலலிதாவே அறிக்கை விட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டு அரசியலில் அதுவே அபூர்வ நாகரிகமாகப் பேசப்பட்டது என்றால், அதற்கு முந்தைய நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சிக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆட்சி மாற்றத்தையும் எண்ணூர் பார்த்திருக்கிறது. 2017 ஜனவரி 28 விடிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கருப்பு எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் குழம்பாக ஒதுங்கியது. பிப்ரவரி 5 அன்று முதல்வர் பன்னீர்செல்வம் ராஜினாமா. 7-ஆம் தேதி மெரினாவில் அவரது தியானம். பிறகு கூவத்தூர் விடுதி. 16-ஆம் தேதி பழனிசாமி பதவியேற்பு. மொத்த மாநிலமும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில், கடலோரக் காவல் படையினரும் மீனவர்களும் மாணவர்களும் வாளியில் எண்ணெய் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆட்சி மாற்றத்தால் அந்த வேலை நிற்கவில்லை என்பது உண்மை. வாளியைவிட நல்ல கருவி அந்தக் கரைக்கு ஏன் நேரத்தில் வந்து சேரவில்லை என்பதற்கும் ஆட்சி மாற்றத்தைக் காரணம் காட்ட முடியாது. மோதல் நடந்த அன்று பெரிய கசிவு ஒன்றும் இல்லை என்றுதான் துறைமுகத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. அது மத்திய அரசின் துறைமுகம்.

நம்பிக்கை: "எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. இருந்தா தொகுதிக்கு ஒண்ணும் வராது."

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி எல்லாக் கட்சிக்காரருக்கும் ஒரே தொகை, ஆண்டுக்கு 3 கோடி. 2022-ல் முதல்வர் 234 உறுப்பினர்களிடமும் தலா பத்துக் கோரிக்கைகளைக் கேட்டபோது எதிர்க்கட்சியினரையும் சேர்த்துத்தான் கேட்டார்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு விசேஷமும் உண்டு. 2006–11 தி.மு.க. ஆட்சியில் மீன்வளத்துறை அமைச்சர் திருவொற்றியூர் கே.பி.பி.சாமி. 2016–21 அ.தி.மு.க. ஆட்சியில் அதே துறை ராயபுரம் டி.ஜெயக்குமாரிடம். இரண்டுமே கடலோரத் தொகுதிகள், ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிர்க் கட்சிகளின் கையில் இருந்தன. 2016-ல் சாமி எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வாகத் திரும்ப ஜெயித்தார். திருவொற்றியூர் குப்பத்துச் சூரை மீன்பிடித் துறைமுகத் திட்டம் அந்த அ.தி.மு.க. ஆட்சியில்தான் தொடங்கியது. சாமி 2020-ல் காலமானார். 2021-ல் ராயபுரத்தில் ஜெயக்குமார் தோற்றார். துறைமுகம் 2025-ல் தி.மு.க. ஆட்சியில் திறக்கப்பட்டது.

முதல்வர் தொகுதிக்கு விழும் மழை மற்ற தொகுதிகளுக்கு விழாது என்பதும் உண்மை. 2015 இடைத்தேர்தலில் ஜெயலலிதா நின்றபோது ஆர்.கே.நகரில் அதைப் பார்த்தோம். ஆனால் அந்த மழையை ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. வைத்திருக்கும் எல்லாத் தொகுதிகளிலும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

நம்பிக்கை: "தொழிற்சங்கமும் கட்சிதானே, அவங்க ஆட்சியில வாயத் திறக்க மாட்டாங்க."

இது முக்கால்வாசி சரி. 2018 ஜனவரியில் போக்குவரத்து வேலைநிறுத்தம் நடந்தபோது தி.மு.க.வின் தொ.மு.ச. களத்தில் இருந்தது, அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கம் ஒதுங்கி நின்றது. 2024 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம். இம்முறை அண்ணா தொழிற்சங்கம் களத்தில், தொ.மு.ச. ஒதுக்கத்தில். கோரிக்கைகள் பெரிதாக மாறவில்லை. இரண்டு முறையும் களத்தில் இருந்தது மார்க்சிஸ்ட் கட்சியின் சி.ஐ.டி.யு. இத்தனைக்கும் 2024-ல் அந்தக் கட்சி ஆளும் கூட்டணியில் இருந்தது.

நம்பிக்கை: "கட்சி பேதமில்லாம ஒத்துழைச்சா ஊர் உருப்பட்டுடும்."

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட அதிகமாகச் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அனல்மின் விஷயத்தில் இரண்டு கட்சிகளும் எண்ணூரில் முழு மனதோடு ஒத்துழைத்திருக்கின்றன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள், 630 மெகாவாட், 1994–96-ல் ஜெயலலிதா ஆட்சியில் ஓடத் தொடங்கின. 1,200 மெகாவாட் கொண்ட இரண்டாம் கட்டம் 2006–11 தி.மு.க. ஆட்சியில் தொடங்கி, மீண்டும் ஜெயலலிதா ஆட்சியில் முடிந்தது. 800 மெகாவாட் மூன்றாம் கட்டம் ஜெயலலிதா காலத்துத் திட்டம், 2024 மார்ச்சில் திறந்து வைத்தவர் ஸ்டாலின். ஓமந்தூரார் தோட்டத்தில் காட்டிய பகையை இங்கே யாரும் காட்டவில்லை. சாம்பல் குழாய்கள் எல்லா ஆட்சிகளிலும் உடைந்தன, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது, இறாலும் நண்டும் அருகின. ஆறு மேடாகிவிட்டது என்று காட்டுக்குப்பத்து மீனவர்கள் இரண்டு கொடிகளின் கீழும் ஒரே மனுவைக் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கட்சியாக எதிர்த்த தி.மு.க.வின் ஆட்சியில், அதே விரிவாக்கத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2023 செப்டம்பரில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டு, பிறகு தள்ளிவைக்கப்பட்டது.

1970-களில் கட்டிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அதே வளாகத்தில் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2014-ல், அ.தி.மு.க. ஆட்சியில், லான்கோ நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். வேலை பாதியில் நின்றது. நிறுத்தியது ஆட்சி மாற்றமல்ல, லான்கோ திவாலானதுதான் காரணம். 2022-ல் தி.மு.க. அரசு மிச்ச வேலையை பெல் நிறுவனத்திடம் கொடுத்தது. 2024 டிசம்பர் 20 அன்று எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் பலர் எழுந்து இன்னொரு புகைபோக்கி வேண்டாம் என்றார்கள்.